மரக்கடை நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள்

பேருந்து மண்டியிட்டது. பல்லக்கா புறங்கையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். நிறுத்தத்தில் யாரும் இல்லை. தகரக் கூரையிலிருந்து மழைநீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சு காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் மரக்கடையின் மூடிய ஷட்டர், பாதி கிழிந்த ஒரு விளம்பரம், அவ்வளவுதான்.

மண்டியிடுவது புதிதல்ல. காலைத் தூக்கி வைக்க முடியாதவர்கள் நின்றால், டயர்களுக்கு மேலிருக்கும் காற்றுப்பைகளைத் தளர்த்திவிட்டு, நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்து தணிந்துகொடுக்க அந்த ஓட்டுநர் இல்லாத பஸ்ஸுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தப்பாகப் பட்டது வேறொன்று. கதவு திறந்ததும் கூரை ஒலிபெருக்கி, "மெதுவாக ஏறுங்கள், அவசரமில்லை," என்றது. சாதாரண ஆளுக்கு அது வெறும் வணக்கம்தான் சொல்லும். இந்த வாக்கியம் வர வேண்டுமென்றால், எதிரே ஒருவர் நிற்பதும் அவர் எதையோ பிடித்துக்கொண்டு நிற்பதும் அதன் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"வாக்கருடன் ஒருவர் ஏறவிருக்கிறார்," என்றது அடுத்து, அதே மரியாதையான குரலில்.

பல்லக்காவின் கைக்கருகே, பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்ஜினியர் பெண் பேசினாள். "பாத்தீங்களா அக்கா? இதேதான். தினமும் இந்த ஒரே ஸ்டாப். ஆளே இல்லாம வாசலைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்குது."

"பாத்தேன்," என்றாள் பல்லக்கா.

"அப்ப பச்சையை அமுக்கிடுங்க. கிளம்பிடும்."

பல்லக்கா கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறவள் என்பதால் வந்த பெயர் அது. பல்லக்கில் போகிறவள் மாதிரி சக்கர நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை என்ற கேலியும் அதில் சேர்ந்துகொண்டது. அவளே அதை உரக்கச் சொல்லிச் சிரிப்பாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களின் பலத்தையும் கொண்டுபோனது. வாயை மட்டும் ஏனோ விட்டுவிட்டது என்பாள் அவள் தங்கை.

அந்த வாயால்தான் இந்த பஸ்ஸில் பாதி வேலை நடந்திருந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி வரப்போகிறது, எல்லாருக்கும் சௌகரியம் என்று நிறுவனத்தார் பூரித்துக்கொண்டிருந்த நாளில், 'எல்லாரும்' என்றால் யார் யார் என்று கேட்டு ஐந்தாறு பேர் போய் நின்றார்கள். தங்களுக்கு மெதுவானவர்கள் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பார்வையில்லாத ஒருவர், முன்னாள் டெலிபோன் ஆபரேட்டர், யார் ஏறுகிறார்கள் என்பதை பஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். பக்கத்தில் வந்து உட்காருவது யாரென்று தெரிந்துகொள்ள எனக்கும் உரிமை உண்டு என்று அவர் மேசையைத் தட்டினார். பல்லக்கா, பொத்தான்களைத் தன் கை எட்டும் உயரத்துக்கு இறக்க வைத்தாள்.

சங்கத்திலேயே மெதுவானவரான நத்தை மாமா ஒன்றும் கேட்கவில்லை. கடிகாரம் பழுது பார்த்தவர். நடுக்கம் வந்த பிறகு நாலு கால் சட்டமான வாக்கரை ஊன்றி, ஒரு அடி, ஒரு மூச்சு, இன்னொரு அடி என்று நடப்பார். "வீட்டையே முதுகுல தூக்கிட்டு வரேன், கொஞ்சம் டைம் குடுங்க," என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், மற்றவர்கள் முகம் சுளிப்பதற்கு முன்பே. ஒரு மழை நாளில், இதே மரக்கடை நிறுத்தத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்த பஸ்கள் கதவைத் திறந்து, அவர் வாக்கரை முன்னே நகர்த்தி வைப்பதற்குள் மூடிக்கொண்டு போயின. எத்தனை பஸ் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடி இருந்தார், இரண்டு கைகளும் வாக்கரின் பிடியிலேயே விறைத்துப் போயிருந்தன.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு விதி வந்தது. சண்டை போட்டு, நிறுவன வாசலிலேயே படுத்துக் கிடந்து வாங்கியது. பஸ் ஒருவரைப் பார்த்துவிட்டால் அவர் ஏறி உட்காரும்வரை நகரக்கூடாது. அதை மீற ஒரே வழி பச்சைப் பொத்தான்: வெளியே யாரும் இல்லை என்று உள்ளே இருக்கும் ஒரு மனிதர் கைப்பட அழுத்திச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் கண்ணுக்கு மேல் மனிதனின் வாக்கு என்று பல்லக்காதான் பிடிவாதம் பிடித்தாள்.

இப்போது அதே விதியைத் தூக்கிவிடப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் காலி நிறுத்தத்தில் நின்று நின்று தாமதமாகிறது என்று புகார் குவிந்தது. இன்றைக்குக் கடைசிச் சோதனை. சங்கத்தின் சார்பில் பல்லக்கா தனியாகப் பயணம் செய்ய வேண்டும். இங்கே தன் கையால் பச்சையை அழுத்திவிட்டால், விதி வேலைக்காகாது என்பதற்கு அவளே சாட்சி. நாளைக் காலையிலிருந்து கதவுகள் பழையபடி தாமாக மூடிக்கொள்ளும். அழுத்தாவிட்டால் ஆள் இருந்ததாகத்தான் பதிவாகும். விதி நிற்கும்.

"அக்கா, யோசிக்க என்ன இருக்கு? ஆள் இருக்காங்களா, இல்லையா?"

"பஸ் இருக்குன்னு சொல்லுதே."

"அதுக்குப் பழக்கிக் குடுத்ததே நீங்கதானே. மாசக்கணக்கா தினம் இந்த ஸ்டாப்புல அந்தப் பெரியவரை நிக்க வச்சுத்தான் அதுக்கு வாக்கர்னா என்னன்னே கத்துக்கொடுத்தோம். அவரை அதுக்கு அவ்வளவு மனப்பாடம். நிழலைப் பாத்தாக்கூட அவர்னு நினைக்குது. ஒருத்தர் இனிமே வரமாட்டார்னு அதுக்கு யாரும் சொல்லித்தரலை, அவ்வளவுதான்."

நியாயமாகத்தான் இருந்தது. ஒருவரையும் கைவிடாதே என்று மாய்ந்து மாய்ந்து கற்றுக்கொடுத்தவர்கள், எப்போது கைவிடலாம் என்பதைச் சொல்ல மறந்திருந்தார்கள். அந்த எண்ணம் பல்லக்காவுக்கு ஆறுதலாக இருந்தது. இதைச் சரிசெய்து தரச் சொல்லி நாளைக்கு ஒரு பிடி பிடிக்கலாம், விதியைத் தொடாமலேயே. அவள் பச்சைப் பொத்தானிலிருந்து பார்வையை விலக்கி, திறந்திருந்த கதவைப் பார்த்தாள்.

ஓட்டுநர் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. அதன் மேல் வைப்பர்கள் யாருக்காகவோ மழையை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தன. பின்னால் காலி இருக்கைகள் எல்லாம் சினிமா கொட்டகையில் மடங்கியிருப்பதுபோல முதுகோடு ஒட்டி மடங்கியிருக்க, நனைந்த ரப்பர் பாயின் வாசனையும் ஈரக்காற்றும் கதவு வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டன. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. முதலில் கூரைச் சொட்டு என்றுதான் நினைத்தாள். சொட்டு என்றால் ஒரே சீராக விழ வேண்டும். இது விழுந்து, நின்று, இழுபட்டு, நீண்ட நேரம் கழித்து மறுபடி விழுந்தது.

டொக். பிறகு செருப்பு இழுபடும் சத்தம். பிறகு ஒரு மூச்சு அளவுக்கு ஒன்றுமில்லை.

டொக்.

அந்த நடையை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். அதற்காக எத்தனை வாசல்களில், எத்தனை படிக்கட்டுகளில் அவள் நாற்காலியை நிறுத்திக் காத்திருந்திருக்கிறாள்.

"ஏம்மா, உனக்குக் கேக்குதா?"

"மழைதான் கேக்குது அக்கா. ஆனா சாய்பலகையில எடை காட்டுது. ஏறி ஏறி இறங்குது. தண்ணி தேங்கியிருக்கும்."

கதவிலிருந்து நடைபாதைக்கு நீட்டியிருந்த சாய்பலகையை பல்லக்கா பார்த்தாள். தண்ணீர் தேங்க அதில் பள்ளமில்லை. பலகையின் நுனி லேசாக அமுங்கியது. நிமிர்ந்தது. கொஞ்சம் மேலே, நடுப்பகுதியில், மறுபடி அமுங்கியது.

ஓடிப்போக வழியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயணத்தில் நாற்காலி நகராமலிருக்கத் தரையிலிருந்து எழும் இரண்டு இரும்புக் கொக்கிகள் அவள் பின்சக்கரங்களைக் கவ்வியிருந்தன. கொக்கியை விடுவிக்க நீலப் பொத்தான் உண்டு. விடுவித்தால் மட்டும் என்ன, வெளியே போக இருப்பது அந்த ஒரே சாய்பலகைதான். பச்சைப் பொத்தான் விரலுக்குப் பக்கத்தில் மினுங்கியது. தொட்டால் போதும். கதவு மூடும். பஸ் கிளம்பும். அந்த நடை வெளியிலேயே நின்றுவிடும், போன தடவை நின்றதுபோல.

போன தடவை நின்றதுபோல. அதை நினைத்ததும் பயத்துக்கு அடியிலிருந்து கோபம் வந்தது. செத்த பிறகுமா?

"மாமா," என்றாள், குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "மாமா, மெதுவா வாங்க. வண்டி போகாது. நான் இருக்கேன்."

"யார்கிட்ட பேசறீங்க அக்கா?"

டொக். இழுப்பு. சத்தம் சாய்பலகையைத் தாண்டி ரப்பர் பாய்க்கு வந்து மந்தமானது. பலநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் வாசனை அவளைத் தாண்டிப் போனது. நாற்காலியின் கைப்பிடி ஒரு நொடி சில்லிட்டது. யாரோ தடுமாறி அதைப் பிடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல விட்டார்கள். கதவுக்கு அடுத்திருந்த மடக்கு இருக்கை கீழே இறங்கியது. அதன் ஸ்பிரிங் முனகியது. இறங்கியபடியே இருந்தது.

பல்லக்காவின் கண்ணில் நீர் கட்டியது. பயமா, துக்கமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. "உக்காந்தாச்சா?" என்றாள். "ஆச்சுன்னா போலாம். ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டாங்க உங்களை."

கதவு மூடும் என்று காத்திருந்தாள். மூடவில்லை.

"ஊன்றுகோலுடன் ஒருவர் ஏறுகிறார்," என்றது பஸ்.

வாக்கர் என்றல்லவா சொன்னது? பல்லக்கா அந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, உங்ககூட யாரு வந்திருக்கா?"

சாய்பலகை அமுங்கியது. தட், தட், தட். ஒற்றைக் கம்பு. அது அவளைக் கடந்து பின்னால் போனது. ஒரு இருக்கை இறங்கியது.

"பார்வையற்ற ஒருவர் ஏறுகிறார். வலப்பக்கம் கம்பி உள்ளது."

கம்பி அதிர்ந்தது.

"இரண்டு கட்டைகளுடன் ஒருவர் ஏறுகிறார். குழந்தையைச் சுமந்தபடி ஒருவர் ஏறுகிறார். மெதுவாக ஏறுங்கள், அவசரமில்லை."

ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு சில்லிப்பு. ஒவ்வொரு சில்லிப்புக்கும் ஒரு இருக்கை. பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் முன்னால் இறங்கிக்கொண்டே வந்தன. யாரும் பேசவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. ஆனால் ஜன்னல்களில் உள்ளிருந்து மூச்சாவி படிந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, கூட்டமான பஸ்ஸில் படிவதுபோல.

பஸ் இறங்கியது. டயர்கள் பிதுங்கும் ஓசையை அவள் தரை வழியாக உணர்ந்தாள். மண்டியிட்ட வண்டி இன்னும் தாழ்ந்தது.

"அக்கா." இன்ஜினியர் பெண்ணின் குரலில் இருந்த சலிப்பெல்லாம் போயிருந்தது. "பஸ்ஸுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"உன் கேமராவுல பாரேன்."

"கேமராவுல நீங்க மட்டும்தான் தெரியறீங்க. ஆனா எடை... இது தாங்காது அக்கா. அச்சு முறிஞ்சுடும். பச்சையை அமுக்குங்க. ப்ளீஸ். இப்பவே."

"யாரும் இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

"கண்ணுக்குத் தெரியறது அதானே!"

"எங்களைக்கூடத்தான் அத்தனை வருஷம் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல." பல்லக்காவின் பற்கள் தந்தியடித்தன. அடுத்தவர் வாய்க்குப் பல் அளவெடுத்தே காலம் தள்ளியவள், தன் பற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தை அன்றுதான் கேட்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. மூத்திரம் முட்டுற பயம். அதுக்காகப் பொய் சொல்ல முடியாது. எழுதிக்கோ. ஆள் இருக்கு."

மறுமுனையில் யாரோ ஓடிவரும் சத்தம். அடக்கிய குரலில் ஏதோ வாக்குவாதம். பிறகு அந்தப் பெண் திரும்பி வந்தாள். அழுகிற குரல். "அக்கா, நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம். இன்னைக்கு சோதனைங்கறதால இங்கேயும் ஒரு சுவிட்ச் குடுத்திருக்காங்க, நான் இங்கேர்ந்தே மூடிடறேன். உங்களைப் பத்திரமா கொண்டுவந்துடறேன்."

"மூடினா?"

"யாரும் ஏறலைன்னு பதிவாயிடும். பரவால்ல. உயிர்தான் முக்கியம்."

பதிவாயிடும். நாளைக் காலையிலிருந்து கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். வாக்கரை முன்னே நகர்த்தி வைப்பதற்குள். கட்டையை ஊன்றுவதற்குள். உயிரோடு இருப்பவர்களின் முகத்திலும்.

பல்லக்கா நீலப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள்.

கொக்கிகள் விலகின. சக்கரங்களை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே தள்ளு. முன்சக்கரங்கள் வாசலைத் தாண்டி சாய்பலகையில் இறங்கின. நாற்காலி கதவுக்கு நடுவே நின்றது. பிரேக்கை இழுத்தாள். ஒருபக்கம். மறுபக்கம்.

கதவு வந்து மோதியது. திறந்தது. மறுபடி மோதியது.

"அக்கா, வழியை விடுங்க! உள்ள வாங்க!"

"மாட்டேன்."

மழை அவள் முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

தெருவிளக்கின் வெளிச்சத்தில் மழை கம்பி கம்பியாகத் தெரிந்தது. எல்லா இடத்திலும் விழவில்லை. நிறுத்தத்தின் கூரையைத் தாண்டி, திறந்த நடைபாதையில், ஆள் உயரத்தில் அந்தரத்தில் மோதித் தெறித்தது. தலை. தோள். அதற்குக் கீழே மழை இல்லை; காய்ந்த தரை. பக்கத்தில் இன்னொன்று, கூன் விழுந்தது. இன்னொன்று, இடுப்பு உயரம், நாற்காலி அகலம். அதற்குப் பின்னால் இன்னொன்று. மரக்கடையைத் தாண்டி. மூடிய கடைகளைத் தாண்டி. தெருமுனை விளக்குவரை. முனையில் வரிசை திரும்பியது.

எந்த வண்டிக்கு நின்றவர்கள்? எந்தக் காலத்து வண்டிக்கு?

மாமா ஒருவர்தான் என்று நினைத்திருந்தாளே.

கதவு மோதியது. இடது சக்கரத்தின் கம்பி ஒன்று தெறித்தது.

"தவழ்ந்து ஒருவர் ஏறுகிறார்," என்றது பஸ்.

சாய்பலகையின் நுனியில், தரைக்கு வெகு அருகே, மழை தெறித்தது. அது மேலே வந்தது. ஒரு முழம். நின்றது. மறுபடி ஒரு முழம். வாசலை அடைத்துக்கொண்டு அவள் இருந்தாள். சுற்றிப் போக இடமில்லை. அது நிற்கவில்லை.

விலகினால் கதவு மூடிவிடும்.

பல்லக்கா இரண்டு சக்கரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க," என்றாள். "எல்லாரும் ஏறுங்க. அவசரமில்ல."

கால்பலகை அமுங்கியது. கணுக்காலை ஐந்து ஈர விரல்கள் பற்றின. பிறகு முழங்காலை. பிறகு மடியை. நாற்காலி நடுங்கியது. அவள் வயிற்றுக்குள் குளிர் நுழைந்தது, கையூன்றி, மெதுவாக, மிக மெதுவாக, அவள் வழியாகவே உள்ளே ஏறிக்கொண்டு.

கதவு மோதியது. திறந்தது.

தெருவில் வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.